வலிக்காத திரை

வணக்கம். கண்ணில் ஒரு தூசி விழுந்தால் துடித்துப்போகிறோம். அதே கண்ணின் உட்சுவரை ஒட்டியிருக்கும் விழித்திரை கிழிந்தாலும், அதில் இரத்தம் கசிந்தாலும், வெந்தே போனாலும் வலி தெரியாது. வலியை உணர்த்தும் நரம்புகள் அதில் இல்லை. கண் மருத்துவராக இருக்கும் என்னை இத்தனை ஆண்டுகளாக உறுத்தும் செய்தி இதுதான். இன்று இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1945 ஜூலையில் ஐரோப்பாவில் ஒரு சூரிய கிரகணம். ஜெர்மனியில் மருத்துவ மாணவர் ஒருவர் அதை வெறும் கண்ணால் பார்த்துவிட்டார். பார்வையின் நடுவே குறை விழுந்தது. அவரைச் சோதித்தவர் கெர்ட் மேயர்-ஷ்விக்கரத் என்ற கண் மருத்துவர். உள்ளே விழித்திரையில் ஒரு சூட்டு வடு. மற்றவர்கள் பரிதாபப்பட்டு நகர்ந்திருப்பார்கள். அவரோ, இந்த வடு விழித்திரையைச் சுவரோடு ஒட்டவைக்குமே, கிழிசலைச் சுற்றி நாமே இப்படிச் சுட்டால் என்ன என்று யோசித்தார். ஹாம்பர்க் மருத்துவமனையின் மேல்தளத்தில் கண்ணாடிகளை நிறுத்தி, வெயிலைத் திருப்பிக் கீழே நோயாளியின் கண்ணுக்குள் செலுத்தினார். மேகம் மூடினால் சிகிச்சை நின்றுவிடும்! பிறகு செனான் விளக்கு வந்தது, அதன்பின் லேசர் வந்தது. இன்று நாங்கள் போடும் ஒவ்வொரு லேசர் புள்ளியிலும் அந்த வெயிலின் தொடர்ச்சியைத்தான் நான் பார்க்கிறேன்.

சுவரில் ஒட்டிய காகிதம் ஓரத்தில் கிழிந்து, ஈரம் இறங்கினால் உரிந்துகொண்டே வரும் அல்லவா? விழித்திரை விலகுவதும் அப்படித்தான். திடீரென்று கண்முன் கரும்புள்ளிகள் கூட்டமாக மிதக்கும், ஓரத்தில் மின்னல் வெட்டும். அன்றே வந்தால், பெரும்பாலும் கிழிசலைச் சுற்றி லேசர் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடலாம். பக்கவாட்டில் நிழல் திரைபோல் ஏறத் தொடங்கிவிட்டால் அறுவை சிகிச்சைதான். சில நேரம் கண்ணுக்குள் வாயுக் குமிழி வைப்போம். அது கரையும்வரை விமானம் ஏறக்கூடாது. உயரே போனால் குமிழி விரிந்து கண்ணை நெருக்கும். வலிக்கவில்லையே, விடிந்ததும் பார்க்கலாம், வாரம் போகட்டும் என்று இருந்துவிடுகிறார்கள். வலிக்காது. அதனால்தான் சொல்கிறேன்.

சர்க்கரை நோயிலும் இதே கதைதான். பார்வை தெளிவாக இருக்கும்போதே உள்ளே இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கியிருக்கும். ஆண்டுக்கு ஒருமுறையாவது கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். “லேசர் போட்டும் பார்வை கூடவில்லையே” என்று வருந்துகிறவர்கள் உண்டு. இழந்ததை மீட்க அல்ல, இருப்பதைக் காக்கவே பெரும்பாலும் லேசர். விழித்திரையின் நடுப்பகுதி வீங்கினால் கண்ணுக்குள் ஊசி போடுவோம்.

ஓர் அம்மையார் ஊசியில் நூல் கோக்க வலக்கண்ணை மூடியிருக்கிறார். கையில் இருந்த ஊசியையே காணோம்! இடக்கண்ணின் நடுப்பார்வை எப்போது போனது என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டு கண்ணும் திறந்திருக்கையில் ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடுகிறது. ஆகவே வாரம் ஒருமுறை ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு கதவு நிலையையோ ஜன்னல் கம்பியையோ பாருங்கள். பிறகு அடுத்த கண். கம்பி வளைந்து தெரிந்தால் உடனே வாருங்கள்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். முதுமையில் வரும் விழித்திரை மையப்பகுதிச் சிதைவைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். இரண்டு வகை, கசிவுள்ள வகைக்கு ஊசி உண்டு, மரத்துப்போகச் சொட்டு விட்டுத்தான் போடுவோம், தொடர்ந்து போட வேண்டும், பாதியில் நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று. வீட்டில் மிகவும் குறைமாதத்தில் பிறந்த குழந்தை இருந்தால், விழித்திரைப் பரிசோதனை எந்த வாரத்தில் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு மருத்துவமனையிலிருந்து கிளம்புங்கள். அந்தத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். வணக்கம்.