உள்ளூரில் விலைபோகாத மாடு

வணக்கம். முப்பது வருஷம் பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதிய ஆள் நான். கால்பந்து பற்றிப் பேச வரச் சொன்னபோது, பெலே பற்றித்தான் பேசப்போகிறேன் என்று வானொலி நிலையத்தில் நினைத்துவிட்டார்கள். பெலேயும் வருவார். ஆனால் கடைசியில், எதிரணியில். நான் பேச வந்தது ஜார்ஜ் ரேனர் என்ற இங்கிலாந்துக்காரரைப் பற்றி.

முதலில் ஒரு கோலைச் சொல்லிவிடுகிறேன். 1948 ஆகஸ்ட், லண்டன் வெம்பிளி மைதானம். ஒலிம்பிக் அரையிறுதியில் ஸ்வீடனும் டென்மார்க்கும் ஆடுகின்றன. ஸ்வீடனின் சென்டர் ஃபார்வர்ட், அதாவது முன்வரிசை நடுவில் நின்று கோல் அடிக்கிறவர், குன்னார் நோர்டால், தீயணைப்புப் படையில் வேலை பார்த்தவர், நல்ல கனத்த ஆள். கோலுக்கு வெகு அருகில் நிற்கிறார். பந்து பின்னாலிருந்து வருகிறது. அப்படியே நின்றால் ஆஃப்சைடு, அதாவது எதிரணித் தற்காப்பைத் தாண்டி கோலுக்கு அருகில் நிற்கிற தப்பு, கோல் செல்லாது. திரும்பி ஓட நேரமில்லை. மனுஷன் முன்னால் பாய்ந்தார். கோல் கம்பங்களைத் தாண்டி வலைக்குள் போய் நின்றுகொண்டார். ஆட்டக்களத்திலேயே இல்லாதவன் எப்படி ஆஃப்சைடு ஆவான்? ஹென்றி கார்ல்சன் தலையால் முட்டினார். வலைக்குள் நின்ற நோர்டால் அந்தப் பந்தைக் கையாலேயே பிடித்துக்கொண்டார். கோல் கொடுத்தாயிற்று.

விதியைக் கரைத்துக் குடித்தவனுக்குத்தான் அந்த ஒரு நொடியில் அது தோன்றும். ஸ்வீடன் 4-2 என்று ஜெயித்தது. இறுதி ஆட்டத்தில் யூகோஸ்லாவியாவை 3-1 என்று வென்று தங்கம் வாங்கியது. அந்த அணியில் நோர்டால் அண்ணன் தம்பி மூன்று பேர்! இதே ஒலிம்பிக்கில்தான் நம்மவர்கள் பெரும்பாலும் வெறுங்காலில் ஆடி, பிரான்சிடம் 2-1 என்று தோற்றார்கள். இரண்டு பெனால்டியைக் கோட்டைவிட்டோம். நமக்கு விழுந்த அந்த ஒரு கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். அது தனிக் கதை.

ஸ்வீடன் அணியின் பயிற்சியாளர்தான் ரேனர். 1907இல் யார்க்‌ஷயரில் ஹாய்லண்ட் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். வலது ஓரத்தில் ஓடும் விங்கர். ஷெஃபீல்டு யுனைடெட்டில் சேர்ந்தார், லீக் ஆட்டம் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. பிறகு மான்ஸ்ஃபீல்டு, ராதர்ஹாம், பெரி, ஆல்டர்ஷாட் என்று சின்ன கிளப்புகளாகவே சுற்றினார். சுமாரான ஆட்டக்காரர் என்று சொன்னால் அவரே கோபித்துக்கொண்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அதற்குள் போர் வந்துவிட்டது.

போரில் உடற்பயிற்சி ஆசிரியராக அவரை பாக்தாத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஈராக் பையன்களைத் திரட்டி ஓர் அணியையே உருவாக்கினார். அந்தச் செய்தி இங்கிலாந்து கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் ஸ்டான்லி ரவுஸ் காதுக்குப் போனது. 1946இல் ஸ்வீடன் ஒரு பயிற்சியாளர் கேட்டபோது ரவுஸ் கைகாட்டிய ஆள் ரேனர்.

அப்படிக் கெட்டிக்காரர் என்றால் இங்கிலாந்திலேயே வேலை கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அங்கே அன்றைக்கு எண்ணம் வேறு. விளையாடத் தெரிந்தவனுக்கு வாத்தியார் எதற்கு? ட்ரெய்னர் என்றால் வாளியும் ஈரப் பஞ்சுமாக மைதானத்துக்குள் ஓடி வருகிற ஆள், அவ்வளவுதான். வாரம் முழுக்கப் பந்தைக் கண்ணில் காட்டாமல் மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவார்கள். அப்போதுதான் சனிக்கிழமை பந்து மேல் பசி வருமாம்! பிள்ளைக்குப் புத்தகமே கொடுக்காமல் பரீட்சைக்கு அனுப்புகிற மாதிரி. தேசிய அணியைப் பொறுக்கியதும் ஒரு குழுதான். மேனேஜர் வால்டர் வின்டர்பாட்டம் கையில் அந்த அதிகாரமே கிடையாது.

ஸ்வீடன் போரில் இறங்காத நாடு, அதனால் அங்கே கால்பந்து அறுந்துபோகவில்லை. ஆட்டக்காரர்கள் எல்லோரும் அமெச்சூர், பகலில் வேலை, மாலையில் பந்து. அதுவே வினையாகவும் ஆயிற்று. தங்கம் வாங்கிய கையோடு இத்தாலிக்காரர்கள் பணப்பையோடு வந்தார்கள். நோர்டால், குன்னார் கிரென், நில்ஸ் லீட்ஹோல்ம் மூவரையும் ஏசி மிலன் கிளப் அள்ளிக்கொண்டு போனது. சம்பளத்துக்கு ஆடுகிறவனுக்குத் தேசிய அணியில் இடமில்லை என்பது ஸ்வீடன் சங்கத்தின் சட்டம். ரேனர் முதலிலிருந்து ஆரம்பித்தார். 1950 உலகக் கோப்பைக்குப் புது அணியோடு பிரேசில் போய், முதல் ஆட்டத்திலேயே நடப்புச் சாம்பியன் இத்தாலியை 3-2 என்று சாய்த்தார். பிரேசிலிடம் 7-1 என்று உதை வாங்கியதும் உண்மை. ஆனாலும் மூன்றாம் இடம். அதே போட்டியில் இங்கிலாந்து அமெரிக்காவிடம் 1-0 என்று தோற்று வீடு திரும்பியது. ஸ்வீடனின் புதுப் பையன்களையும் இத்தாலி வாங்கிக்கொண்டது. ரேனர் மறுபடி ஓர் அணி கட்டி 1952 ஹெல்சிங்கியில் வெண்கலம் வாங்கினார். நாற்றங்காலிலிருந்து யாரோ பிடுங்கிப் போக, சலிக்காமல் மறுபடி விதை தெளித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது 1953 நவம்பர். புஷ்காஷ் தலைமையில் ஆடிய ஹங்கேரி அணி மூன்று வருஷமாகத் தோற்றதே இல்லை. அவர்களுடைய சூட்சுமம் ஹிடெக்குட்டி என்ற ஆட்டக்காரர். சட்டையில் ஒன்பதாம் நம்பர், ஆனால் சென்டர் ஃபார்வர்ட் நிற்க வேண்டிய இடத்தில் நிற்க மாட்டார். பின்வாங்கி நடுக்களத்துக்குப் போய்விடுவார். அவரைக் காவல் காக்க வேண்டிய எதிரணியின் சென்டர் ஹாஃப், அதாவது தற்காப்பின் நடுவில் நிற்கிறவர், அவர் பின்னால் போனால் கோலுக்கு முன்னால் ஓட்டை. போகாவிட்டால் ஹிடெக்குட்டிக்கு ராஜ உபசாரம். நவம்பர் 15ஆம் தேதி புடாபெஸ்டில் ரேனர், சென்டர் ஹாஃபை அசைக்காமல், வேறு ஓர் ஆளை ஹிடெக்குட்டியின் நிழல் மாதிரி ஒட்டவைத்தார். ஆட்டம் 2-2. ஹங்கேரியின் சொந்த ஊரில்!

சரியாகப் பத்தாம் நாள் வெம்பிளியில் ஹங்கேரியும் இங்கிலாந்தும். ஹிடெக்குட்டிக்கென்று இங்கிலாந்து தனி ஆள் போடவில்லை. சென்டர் ஹாஃப் ஹாரி ஜான்ஸ்டனுக்குப் பின்னால் போவதா நிற்பதா என்றே புரியவில்லை. முதல் நிமிஷத்திலேயே ஹிடெக்குட்டி கோல் அடித்தார், மொத்தம் மூன்று. 6-3 என்று இங்கிலாந்து மண்ணைக் கவ்வியது. மருந்து தெரிந்த வைத்தியர் சொந்த நாட்டுக்காரர். அவரிடம் வைத்தியம் பார்க்க மனம் வரவில்லை.

இடையில் ரேனர் இத்தாலியில் கொஞ்ச நாள் இருந்தார். பிறகு இங்கிலாந்து திரும்பி மூன்றாம் டிவிஷன் கவன்ட்ரி கிளப்பில் இருந்தார். நிலைக்கவில்லை. ஸ்வீடனே மறுபடி கூப்பிட்டது, 1958 உலகக் கோப்பை அவர்கள் நாட்டிலேயே. இந்த முறை சட்டத்தைத் தளர்த்தி இத்தாலிக்குப் போனவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கிரெனுக்கு 37 வயது, லீட்ஹோல்முக்கு 35. கிழட்டு அணி என்று சிரித்தவர்கள் உண்டு.

அரையிறுதியில் மேற்கு ஜெர்மனி. ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது வலது ஓரத்தில் குர்ட் ஹாம்ரினிடம் பந்து. காலுறையைக் கணுக்காலுக்குத் தள்ளிவிட்டு ஆடுகிற ஆள். பந்தை வைத்துக்கொண்டு சும்மா நடக்கிறார், நின்றேவிடுவார் போலிருக்கிறது. நேரத்தைக் கடத்துகிறான் என்று ஜெர்மன்காரர்களும் தளர்ந்தார்கள். சட்டென்று ஒரு பாய்ச்சல், இரண்டு மூன்று பேரைக் கடந்து, எல்லைக்கோட்டை ஒட்டிய மூலையிலிருந்து கோல். 3-1.

ஜூன் 29, ஸ்டாக்ஹோமை அடுத்த ரோசுண்டா மைதானம், இறுதி ஆட்டம். முதல் கோல் வாங்கினால் பிரேசில்காரர்கள் நிலைகுலைந்து போவார்கள் என்று ரேனர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். நான்காவது நிமிஷம் லீட்ஹோல்ம் கோல் அடித்தார். ரேனர் சொன்னதில் பாதி பலித்தது. மீதிப் பாதியை பிரேசிலின் டிடி கெடுத்தார். வலையிலிருந்து பந்தை எடுத்து, கோயில் பிராகாரத்தில் நடப்பது போல் ஆடாமல் அசையாமல் மைதான நடுவுக்கு நடந்து வந்தார். ஐந்தே நிமிஷத்தில் வாவா சமன் செய்தார். அப்புறம் 17 வயதுப் பெலேயின் இரண்டு கோல். 5-2. ஆனாலும் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் வரை ஓர் அணியைக் கொண்டுபோன முதல் இங்கிலாந்துக்காரர் ரேனர்தான். 1966இல் இங்கிலாந்துக்குக் கோப்பை வாங்கித் தந்த ஆல்ஃப் ராம்சேக்கு எட்டு வருஷம் முன்னால்.

இனி இங்கிலாந்தில் வரிசைகட்டி வருவார்கள் என்றுதானே நினைப்போம்? உள்ளூரில் விலைபோகாத மாடா வெளியூரில் விலைபோகும் என்று நம்மூரில் கேலியாகக் கேட்பார்கள். இந்த மாடு வெளியூரில் தங்க விலைக்குப் போனது, அப்புறமும் உள்ளூர்ச் சந்தையில் கேட்பாரில்லை. ஸ்கெக்னஸ் என்ற கடற்கரை ஊரில், லீக்கிலேயே இல்லாத சின்ன அணிக்கு மேனேஜர் ஆனார். கூடவே ஒரு விடுமுறை முகாமில் ஸ்டோர் கீப்பர் வேலை. ஸ்வீடன் அரசரோடு கைகுலுக்கிய கையால் சரக்கு எண்ணியிருக்கிறார்.

1959 அக்டோபரில் ஸ்வீடன் அணியோடு மறுபடி வெம்பிளிக்குள் நுழைந்தார். இடைவேளையில் இங்கிலாந்து 1-0 முன்னணி. இரண்டாம் பாதியில் ஸ்வீடன் மூன்று கோல் அடித்து 3-2 என்று வென்றது. ஹங்கேரிக்குப் பிறகு ஐரோப்பாக் கண்டத்திலிருந்து வந்து வெம்பிளியில் இங்கிலாந்தைத் தோற்கடித்த அணி அதுதான். அன்றைக்கு இங்கிலாந்தின் சென்டர் ஃபார்வர்ட் பிரையன் கிளஃப். பின்னாளில் பெரிய மேனேஜர் ஆனவர். நாட்டுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம் அது.

அறுபதுகளின் பின்பாதியில் நான்காம் டிவிஷன் டான்காஸ்டர் கிளப் ரேனரைக் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு அனுப்பியது. 1985 நவம்பரில் தமது 78ஆம் வயதில் காலமானார். ஒலிம்பிக் தங்கம், வெண்கலம், உலகக் கோப்பையில் இரண்டாம் இடம், மூன்றாம் இடம் எல்லாம் அவர் கணக்கில் இருந்தன. இங்கிலாந்தின் முதல் டிவிஷன் கிளப் ஒன்றுகூடக் கடைசிவரை தன் அணியை அவர் கையில் கொடுத்துப் பார்க்கவில்லை.

வணக்கம்.