உடம்பால் அளந்த வழி

அவையோருக்கு வணக்கம்.

கயிலைக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் போனதைச் சேக்கிழார் சொல்கிறார். அந்த மலையில் கால் படக் கூடாதென்று காரைக்கால் அம்மையார் தலையால் நடந்தார். நாவுக்கரசர் பாதம் தேய்ந்ததும் கைகளால் தாவினார், கையும் தேய்ந்ததும் மார்பால் ஊர்ந்தார், பிறகு புரண்டார். சுந்தரருக்கு வெள்ளை யானை வந்தது, சேரமான் பெருமாளுக்குக் குதிரை. கொடுத்து வைத்தவர்கள்!

புராணம்தானே என்பவர்கள், இன்றும் அம்மலையை வலம் வரும் திபெத்தியரைப் பார்க்க வேண்டும். சுற்று 52 கிலோமீட்டர். நடுவில் 5,600 மீட்டருக்கு மேல் டோல்மா கணவாய். நம்மவர்களுக்கு மூன்று நாள் ஆகிறது. நடையில் தேர்ந்த திபெத்தியர் இருட்டில் கிளம்பி ஒரே நாளில் முடித்துவிடுவார். சிலர் மட்டும் முழுத் தூரத்தையும் விழுந்து வணங்கியே கடக்கிறார்கள்; வாரக்கணக்கில் ஆகும். நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, நீட்டிய விரல் தொட்ட இடத்தில் எழுந்து நின்று, அங்கிருந்து அடுத்த வணக்கம். உள்ளங்கையில் மரக்கட்டை, உடம்பின் முன்புறம் தோல் போர்வை.

கிழக்குத் திபெத்திலிருந்து லாசா வரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் இப்படியே போகிறவர்களும் உண்டு. என்னை வியக்க வைப்பது அவர்கள் படும் வலி அல்ல, வைத்திருக்கும் கணக்கு! ஆறு குறுக்கிட்டால் அதன் அகலத்துக்கு ஈடான வணக்கங்களைக் கரையிலேயே செய்துவிட்டுத்தான் கடக்கிறார்கள். மாலையில் நிறுத்திய இடத்தில் ஒரு கல்லை வைக்கிறார்கள். கூடாரம் சற்று முன்னால் இருந்தாலும், காலையில் அந்தக் கல்லுக்குத் திரும்பி வந்துதான் தொடங்குகிறார்கள். நம் ஊர் அங்கப்பிரதட்சிணத்தையாவது பிராகாரத்தில் நாலு பேர் பார்க்கிறார்கள். அந்த வெட்டவெளியில் பத்தடி விட்டுவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்?

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். கூடாரம், வறுத்த பார்லி மாவு, வெண்ணெய், தேயிலை எல்லாவற்றையும் வண்டியில் இழுத்துக்கொண்டு முன்னால் போய், தேநீர் காய்ச்சி வைக்கிறாரே, அவர். வழிநெடுக அவர் விழுந்து வணங்குவதில்லை. ஆனால் அவர் இல்லாவிட்டால் மற்றவர்கள் ஒரு வாரம்கூடத் தாங்கமாட்டார்கள். யாத்திரையில் பாதி அவருடையது என்பேன்.

நாவுக்கரசர் துணையின்றித் தனியே போனார். மலையை எட்டுமுன்னே, இறைவன் சொன்னபடி ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தார்; கயிலைக் காட்சியை அங்கேயே கண்டு பாடினார். அவருக்கு இப்படி ஒரு வண்டிக்காரர் வாய்த்திருந்தால், பொய்கையில் மூழ்காமல், நேரே மலையடிக்கே போயிருப்பார் என்று எனக்கொரு நினைப்பு. சைவப் பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, திருவையாற்றுக்காரர்கள் கோபிக்கலாம். அவர்களுக்கு ‘மாதர்ப் பிறைக்கண்ணியானை’ என்ற அந்தப் பதிகம் கிடைத்திருக்காதே!