வேப்பிலை கட்டாத வாசல்

(தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த்தில் ஆடி மாதக் கூழ் ஊற்றும் பூசைக்குப் பிறகு கோயில் மண்டபத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, பின்னால் கதவோரம் நின்றுகொண்டிருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

காலையில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினோம். வாசலில் கட்டிய வேப்பிலை இன்னும் வாடவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் ஆயாவின் ஞாபகம் வரும். அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் அம்மை போட்டிருந்தால் வாசலில் வேப்பிலை செருகுவார்களாம். தெருவுக்கே தெரிந்துவிடும். யாரும் அதை ஒளிக்க மாட்டார்கள். "அம்மா வந்திருக்கிறாள்" என்பார்கள். அந்த வீட்டில் சத்தம் போட்டுப் பேச மாட்டார்கள். படுத்திருக்கும் பிள்ளையின் பக்கத்தில் யாராவது ஒருவர் இரவும் பகலும் உட்கார்ந்திருப்பார், வேப்பங்கொத்தால் விசிறிக்கொண்டு. "நீ ஏன் அம்மை வரவழைத்துக்கொண்டாய்?" என்று எந்தத் தாயும் பிள்ளையைக் கேட்டதில்லை.

அதே வழியில் வந்த நாம், நம் பிள்ளைக்கு மனம் நொந்துபோனால் மட்டும் கதவைச் சாத்திக்கொள்கிறோம். கையைக் கிழித்துக்கொண்ட பெண்ணை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்போது "தவறி விழுந்துவிட்டாள்" என்று சொல்லச் சொல்கிறோம். ஒரு பையன் உயிரை மாய்த்துக்கொண்டால் சொந்தக்காரர்களிடம் "திடீரென்று நெஞ்சு வலி" என்கிறோம்.

தற்கொலை என்ற சொல்லைக் கோயிலில் வைத்துச் சொல்லலாமா என்று கமிட்டியில் ஒருவர் நேற்று என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் இங்கே சொல்லாவிட்டால் நாம் அதை எங்கே சொல்வோம்? சவ அடக்கத்திலா?

உலகம் முழுக்க ஆண்டுக்கு 7 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இப்படி இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு இது மூன்றாவது பெரிய காரணம். நம் வீட்டுப் பிள்ளைகள் அந்தக் கணக்குக்கு வெளியே இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ள நமக்கு எந்த நியாயமும் இல்லை.

நம் கதையே அப்படித்தான் தொடங்கியது. சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் கரையில் வந்து நின்றது. 1911 வரைக்கும் 1,52,000 பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேர் சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள், நம் ஆட்கள். அவர்களில் எத்தனையோ பேர் கரும்புத் தோட்டத்திலேயே தங்கள் உயிரைத் தாங்களே முடித்துக்கொண்டார்கள். ஊரில் இருந்ததைவிட இங்கே அது பல மடங்கு அதிகமாக இருந்தது. 1912-இல் ஒப்பந்த முறையை ஒழிக்கச் சொல்லி கோகலே இந்தியாவில் சட்டசபையில் பேசியபோது இந்தச் சாவுகளையும் எடுத்துச் சொன்னார். இங்கே இருந்த அதிகாரிகளோ ஓரிரு வரியில் ஒரு காரணத்தை எழுதிக் கோப்பை மூடினார்கள்.

அப்புறம் நிற ஒதுக்கல் ஆட்சி வந்தது. 1950-இல் குழுவாரி இடச் சட்டம், இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் வாழ வேண்டும் என்ற சட்டம். கேட்டோ மேனரில், மேகசின் பாரக்ஸில் கூட்டுக் குடும்பமாக வாழ்ந்தவர்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து இந்தச் சாட்ஸ்வொர்த்தில் எண் போட்ட யூனிட்களில் வைத்தார்கள். அங்கே ஒரு முற்றத்தைச் சுற்றி ஆயா, அத்தை, பெரியம்மா எல்லோரும் இருந்தார்கள். ஒரு குழந்தை முகம் வாடினால் நான்கு பேர் கவனிப்பார்கள். அந்த நான்கு பேரும் நான்கு யூனிட்டுக்குப் பிரிந்தார்கள். சமூகவியலாளர் ஃபாத்திமா மீர் டர்பனில் நடந்த தற்கொலைகளை இன வாரியாக ஆராய்ந்து 1976-இல் ஒரு நூலே எழுதினார். அதே ஆண்டு அரசு அவரை விசாரணையின்றிச் சிறையிலும் வைத்தது. நமக்காக ஒருவர் உட்கார்ந்து எண்ணிப் பார்த்திருக்கிறார் என்பதாவது இந்தப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

இவ்வளவையும் தாண்டி வந்தவர்கள் நமக்குக் கொடுத்துவிட்டுப் போன பாடம், தாங்கிக்கொள் என்பது. அந்தப் பாடத்தால்தான் நாம் பிழைத்தோம், மறுக்கவில்லை. ஆனால் அதையே இப்போது பிள்ளைகள் தலையில் கல்லாக வைக்கிறோம். தில்லையாடி வள்ளியம்மையை எல்லோருக்கும் தெரியும். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவள். சத்தியாகிரகத்தில் சிறைக்குப் போய், நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் இறந்தாள். அவளை நான் கும்பிடுகிறேன். ஆனால் எத்தனை வீட்டில் இந்தப் பேச்சு நடக்கிறது: "அவள் உன் வயதில் ஜெயிலுக்குப் போனாள், நீ மெட்ரிக் மார்க்குக்காக அழுகிறாயா?" வள்ளியம்மையோடு அவள் தாயும் சிறைக்குப் போனாள், ஐயா. அவள் தனியாக இல்லை. அதைச் சொல்ல மட்டும் ஏன் மறந்துபோகிறோம்?

இன்றைய பிள்ளையின் நிலைமையைப் பாருங்கள். இந்த நாட்டின் மக்கள்தொகையில் இந்திய, ஆசிய வம்சாவளியினர் 2.7 சதவீதம். வகுப்பில் ஒருவன் "இந்தியாவுக்குப் போ" என்கிறான். இந்தியாவுக்குப் போனால் "உனக்குத் தமிழே வரவில்லையே" என்கிறார்கள். 15 முதல் 24 வயதுக்குள் வேலை தேடுகிறவர்களில் பாதிக்கு மேல் வேலை இல்லாமல் இருக்கும் நாடு இது. தெருமுனையில் "சுகர்ஸ்" என்ற போதைப்பொருள் விற்கிறது. 2021 ஜூலைக் கலவரத்தில் இரவெல்லாம் அப்பாவோடு தெருவில் காவல் நின்ற பையன்கள், மறுவாரமே புத்தகத்தைத் திறந்து உட்கார வேண்டியிருந்தது. அவர்களிடம் யாராவது "அந்த ராத்திரி எப்படி இருந்தது?" என்று கேட்டோமா?

ஆண் ஆணையோ பெண் பெண்ணையோ விரும்பும் பிள்ளைகளும், தான் பிறந்த பாலினம் தன்னுடையதில்லை என்று உணரும் பிள்ளைகளும் நம்மிடையே இருக்கிறார்கள். 1996 அரசியல் சட்டம் அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது. 2006 முதல் அவர்கள் திருமணமும் செய்துகொள்ளலாம். நாடு திறந்த கதவை வீட்டில் நாம் சாத்தினால் அந்தப் பிள்ளை எங்கே போகும்? வீட்டார் ஏற்றுக்கொண்ட பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து குறைகிறது என்று ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. உங்களுக்குப் புரியாமல் இருக்கலாம், பரவாயில்லை. "எனக்குப் புரியவில்லை, ஆனால் நீ என் பிள்ளைதான்" என்று சொல்லுங்கள், அதுவே போதும், அன்றைய ராத்திரிக்கு.

நான் முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவள். ஒரு பிப்ரவரி மாதம். டர்பன் பிப்ரவரி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வகுப்பில் ஒரு பையன் முழுக்கைக் கம்பளிச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தான். "வேர்க்கவில்லையாப்பா?" என்று கேட்டேன். "குளிருது மிஸ்" என்றான். சரி என்று பாடத்தைத் தொடர்ந்தேன். மூன்று வாரம் அந்தச் சட்டையைப் பார்த்தேன். மூன்று வாரமும் பாடம் நடத்தினேன். அப்புறம் ஒரு நாள் அவன் வரவில்லை, மருத்துவமனையில் இருந்தான்.

பிழைத்துக்கொண்டான். இன்று அவனுக்கே குழந்தைகள் இருக்கிறார்கள். பல வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது அவனே வந்து பேசினான். "மிஸ், நீங்க இன்னொரு தடவை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றான். குற்றம் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். அந்த இன்னொரு தடவைக்காகத்தான் நான் இப்போது ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறேன்.

கையைக் கீறிக்கொள்கிற பிள்ளையை "எல்லாம் நம்மைப் பயமுறுத்தத்தான்" என்று ஒதுக்குகிறோம். பெரும்பாலும் அது யாருக்கும் தெரியாமல் நடக்கும் காரியம். உள்ளே இருக்கும் வலியைத் தாங்க வேறு வழி தெரியாமல் செய்வது. அதைக் கண்டதும் கத்தாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். காயத்துக்கு மருந்து போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.

அப்புறம், கேளுங்கள். சுற்றி வளைக்காமல் கேளுங்கள். "செத்துப்போகலாம்னு உனக்குத் தோணுதா?" இதைக் கேட்டால் இல்லாத நினைப்பை நாமே மனதில் போட்டுவிடுவோமோ என்று எல்லோருக்கும் பயம். அப்படி ஆவதில்லை. அதைக் கேட்க ஒருவர் வந்தார் என்பதிலேயே பல பிள்ளைகளுக்கு மூச்சு வருகிறது. ஆயாவுக்கு இங்கிலீஷ் வராது, பேரனுக்குத் தமிழ் வராது என்ற கவலை வேண்டாம். அரைகுறை இங்கிலீஷில் கேளுங்கள். ஆயாமார் ஒரு காலத்தில் "மனசு சரியில்லை" என்று வெட்கமில்லாமல் சொல்வார்களே, அந்த வார்த்தையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

"ஆமாம்" என்று பதில் வந்தால் புத்திமதி சொல்லத் தொடங்காதீர்கள். அந்தப் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். வீட்டில் இருக்கும் மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டுங்கள், துப்பாக்கி இருந்தால் வீட்டைவிட்டே வெளியேற்றுங்கள். அந்த வேகம் பல நேரம் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தைக் கடத்துவதுதான் அப்போதைய வேலை.

கண்ணேறு, செய்வினை என்று சிலர் பூசாரியிடம் கூட்டிப்போவார்கள். தாராளமாக அர்ச்சனை செய்யுங்கள், விபூதி பூசுங்கள். அதே நாளில் கிளினிக்குக்கும் கூட்டிப்போங்கள். நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொண்டேதானே சஷ்டி விரதம் இருக்கிறீர்கள்? போலீஸ் கேஸ் ஆகுமோ என்றும் பயப்பட வேண்டாம். தற்கொலைக்கு முயல்வது இந்த நாட்டில் குற்றமில்லை.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒன்று. உங்கள் கூட்டாளி "யார்கிட்டயும் சொல்லாதே" என்று சொல்லி இதைச் சொன்னால், அந்த ஒரு சத்தியத்தை மீறுங்கள். அவன் கோபித்துக்கொள்வான், கோபித்துக்கொள்ளட்டும். அவன் இருந்தால்தானே கோபிக்க முடியும்.

இப்போது உங்கள் போனை எடுங்கள். பரவாயில்லை, கோயிலுக்குள்தான், எடுங்கள். சடாக் என்ற அமைப்பின் தற்கொலைத் தடுப்பு எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள்: 0800 567 567. காசு ஆகாது, ராத்திரியும் எடுப்பார்கள். சின்னப் பிள்ளைகள் என்றால் சைல்ட்லைன், 116. பக்கத்தில் இருக்கும் பாட்டிக்கு எழுத வரவில்லையென்றால் நீங்களே அவர் போனில் போட்டுக்கொடுங்கள்.

கமிட்டியிடம் ஒரு வேண்டுகோள். சமையற்கட்டுச் சுவரில், பாத்திரம் கழுவும் இடத்துக்கு மேலே, இந்த இரண்டு எண்களையும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். நோட்டீஸ் பலகையில் போட்டால் நின்று படிக்க வெட்கப்படுவார்கள். பாத்திரம் கழுவும்போது யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

தனியாகப் பேச வேண்டியவர்கள் யாராவது இருந்தால், நான் கூழ்ப்பானை பக்கம்தான் இருப்பேன். மண்டபத்தைப் பூட்டும் வரைக்கும் இருப்பேன்.