தன் டி.என்.ஏ-வையே வலையா வீசுற வெள்ளை அணு!

பரு உடைஞ்சா மஞ்சளா ஒண்ணு வருமே, சீழ்? "ச்சீ"ன்னு துடைச்சுப் போட்டுடுவோம். மக்களே, இனிமே கொஞ்சம் மரியாதையோட துடைங்க! அதுல பெரும்பகுதி, உங்களுக்காகச் சண்டை போட்டுச் செத்த வெள்ளை அணுக்கள்தான்.

பாடப்புத்தகச் சமாச்சாரத்தை ஒரே மூச்சுல முடிச்சிடறேன். எலும்பு மஜ்ஜையில பிறக்கும், ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துல 4,000-லிருந்து 11,000 வரை இருக்கும், மொத்தம் அஞ்சு வகை. பாதிக்கு மேல நியூட்ரோஃபில். இன்னைக்கு நம்ம ஹீரோ இவர்தான். ஆன்டிபாடிக்கு வழி பண்ற லிம்போசைட்ங்கிற இன்னொரு வகை பத்தி இன்னொரு வீடியோவுல பார்ப்போம்.

உடம்புல முள் குத்துதா? அந்த இடத்துலேர்ந்து ரசாயன சிக்னல் கிளம்பும். ரத்தத்தோட ஓடிட்டிருக்கிற நியூட்ரோஃபில் குழாய்ச் சுவர்ல ஒட்டி உருண்டு வேகத்தைக் குறைக்கும், செல்களுக்கு நடுவுல இருக்கிற இடுக்குல நெளிஞ்சு வெளிய வரும், மோப்பம் பிடிச்ச மாதிரி கிருமியைத் துரத்தி அப்படியே முழுங்கிடும். இப்படி முழுங்குற செல்களைத்தான் 1882-ல மெட்ச்னிகாஃப்ங்கிற விஞ்ஞானி, நட்சத்திர மீன் லார்வாவுக்குள்ள ரோஜா முள்ளைக் குத்திப் பார்த்துக் கண்டுபிடிச்சார். 1908-ல நோபல்.

சரி, முழுங்கி முடியலைன்னா? இங்கதான் எனக்குப் புல்லரிக்கும். நியூக்ளியஸ், அதாவது உட்கரு இருக்கிற ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் கிட்டத்தட்ட 2 மீட்டர் டி.என்.ஏ சுருட்டி வெச்சிருக்கு இல்லையா? நியூட்ரோஃபில் தன் நியூக்ளியஸைத் தானே உடைச்சு, அந்த நூலைப் பிரிச்சு, கிருமியைக் கொல்ற புரதங்களை அதுல பூசி, வெளிய வீசிடும். வலை! கிருமி அதுல சிக்கிக்கும். வீசினவர் பெரும்பாலும் அதோட காலி. பரம்பரைச் சொத்தையே கிழிச்சு ஆயுதமாக்குற ஆளை வேற எங்க பார்த்திருக்கீங்க? பெர்லின் விஞ்ஞானிகள் இதை 2004-லதான் வெளியிட்டாங்க.

கிருமியும் லேசுப்பட்டது இல்ல. ஸ்டெஃபைலோகாக்கஸ் மாதிரி சில பாக்டீரியாக்கள் டி.என்.ஏ-வை வெட்டுற என்சைமை விட்டு வலையை அறுத்துட்டு ஓடும். கத்தரிக்கோலோட வர்ற மீன்னு வெச்சுக்கோங்க!

போறதுக்கு முன்னாடி ஒண்ணு. சீழும் சளியும் சில நேரம் பச்சையா இருக்கும். நியூட்ரோஃபிலுக்குள்ள இருக்கிற மயலோபெராக்ஸிடேஸ்ங்கிற என்சைமோட நிறமே பச்சை. கிருமியைக் கொல்ல பிளீச்சிங் சமாச்சாரம் தயாரிக்கிறதும் அதுதான். வைரஸ் சளியிலயும் பச்சை வரும், அதனால நிறத்தை மட்டும் பார்த்து ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுடாதீங்க. உங்க வீட்டுல அப்படிப் போடுறவங்க யாருன்னு கமென்ட்ல போட்டுக் கொடுங்க!