புலியும் புல் தின்னும்

நேயர்களுக்கு வணக்கம்.

'புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது' என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். மானம் காப்பதற்குச் சொன்ன பழமொழி அது, இருக்கட்டும். காட்டில் புலியின் எச்சத்தைச் சேகரித்து, அலசி, அது எந்த இரையைத் தின்றது என்று பார்க்கும் ஆய்வாளர்களுக்கு மான் முடியும் பன்றி முடியும் எலும்புத் துணுக்கும் கிடைக்கும். அதே எச்சத்தில் புல்லும் கிடைக்கும். கொஞ்சமும் செரிக்காமல், இலை இலையாக. சிறுத்தையின் எச்சத்திலும் அப்படியே. பசிக்குத் தின்பதில்லை என்பது சரி. ஆனால் தின்கிறது.

அதே குடும்பத்தின் சின்னப் பிள்ளையான பூனைதான் உங்கள் வீட்டு வாசலில் தலையைச் சாய்த்து அருகம்புல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறது. கடித்த பத்து நிமிடத்தில் கூடத்து நடுவில் வந்து நுரையோடு கக்கிவிட்டும் போகிறது. வயிறு சரியில்லை போலிருக்கிறது, அதனால்தான் புல் தின்கிறது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். இந்த ஒரு நம்பிக்கையில் இருந்தே தொடங்குவோம்.

அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பெஞ்சமின் ஹார்ட் என்ற கால்நடை மருத்துவப் பேராசிரியரும் அவர் குழுவினரும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூனை வளர்ப்பவர்களிடம் இதைப் பற்றி விசாரித்தார்கள். நாளுக்குக் குறைந்தது மூன்று மணி நேரமாவது பூனையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களை மட்டும் கேட்டார்கள். முடிவுகளை 2019இல் நார்வேயில் நடந்த மாநாட்டில் சொன்னார்கள். 71 சதவீதப் பூனைகள் ஆறு முறையாவது செடி, புல் தின்றதைப் பார்த்திருக்கிறார்கள். தின்றதைப் பார்த்ததே இல்லை என்றவர்கள் 11 சதவீதம்தான். நாம் கவனிக்க வேண்டியது அடுத்ததை. தின்பதற்கு முன்னால் பத்தில் ஒன்பது பூனைகளிடம் நோயின் அடையாளமே இல்லை. தின்ற பிறகு அடிக்கடி வாந்தி எடுப்பவை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். வயிற்றுவலிக்கு மருந்தாகத் தேடிப்போய்ப் புல் தின்கிறது என்றால் இந்தக் கணக்கு இடிக்கிறது. முடி உருண்டையை வெளியே தள்ளத்தான் தின்கிறது என்றாலும் இடிக்கிறது, ஏனென்றால் நீள முடிப் பூனையும் குட்டை முடிப் பூனையும் ஒரே மாதிரிதான் தின்கின்றன.

பிறகு ஏன் தின்கிறது? இப்போது வலுவாக நிற்கும் கருத்து குடற்புழுவைப் பற்றியது. தான்சானியாவில் மஹாலே மலைக்காட்டுச் சிம்பன்சிகள் ஆஸ்பிலியா என்ற செடியின் சொரசொரப்பான இலையை மெல்லாமல், மடித்து, முழுசாக விழுங்குகின்றன. இலை மடிந்தபடியே வெளியே வருகிறது, அதன் மடிப்பில் குடற்புழு சிக்கி வருகிறது. மைக்கேல் ஹஃப்மன் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் இதைப் பின்தொடர்ந்தவர். செரிக்காத நார் குடலைத் தூண்டுகிறது, சரக்கு வேகமாக நகர்கிறது, புழுவும் கூடவே வெளியேறுகிறது. பூனையின் காட்டு முன்னோர்களுக்கும் இப்படிப் பயன்பட்ட பழக்கம், இன்று புழு மருந்து சாப்பிட்டு வளரும் வீட்டுப் பூனையிடமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது ஹார்ட்டின் கருத்து. இளம் பூனைகள் கிழவிகளைவிட அடிக்கடி தின்கின்றன, தின்றாலும் குறைவாகவே கக்குகின்றன என்று அவர்கள் கண்டதும் இதோடு ஒத்துப்போகிறது. ஆகவே, புல் தின்பது நோயின் அடையாளம் இல்லை. தடுக்கவும் வேண்டாம்.

அப்படியானால் உள்ளே போன புல் என்னவாகிறது? பூனை முழுக்க முழுக்க மாமிசப் பிராணி. மாட்டுக்கு இருப்பதுபோல் நாரை நொதிக்க வைக்கும் பெரிய வயிற்றறை அதற்குக் கிடையாது. குடலும் குட்டை. தாடையும் கத்திரிக்கோல் மாதிரி மேலும் கீழும்தான் வெட்டும், மாடு அசைபோடுவதுபோல் பக்கவாட்டில் அரைக்காது. அதனால்தான் புல்லைக் கடைவாய்ப் பல்லுக்குக் கொண்டுபோகத் தலையை அப்படிச் சாய்க்கிறது. இரண்டு வெட்டு வெட்டும், மிச்சம் நீளமாகவே தொண்டைக்குள் போகும். ஒன்று, இரைப்பையை உறுத்தி நுரையோடு மேலே வரும். இல்லை, முடியையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு மறுநாள் மலத்தில் வரும். இரண்டுமே இயல்பு.

இப்போது பூனையின் நாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் எந்தக் கூட்டத்தில் பேசினாலும் இங்கேதான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பூனை உங்கள் கையை நக்கும்போது உப்புத்தாள் தேய்த்தது போல் இருக்கிறதே, அது நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே பொருளால் ஆன முட்கள். ஏறத்தாழ 300 முட்கள். அத்தனையும் தொண்டையைப் பார்த்து வளைந்தவை. எலும்பிலிருந்து கறியைச் சுரண்டவும் முடியைச் சீவவும் அருமையான கருவி. ஆனால் துப்புவதற்கு ஆகாது. ஒரு பொருள் நாக்கில் ஏறிவிட்டால், பூனைக்கே வேண்டாம் என்று பட்டாலும், உள்ளேதான் போகும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நாக்கில் ஏறியது உள்ளேதான் போகும்.

புல்லில் வரும் ஒரே பெரிய தொல்லையை முதலில் சொல்கிறேன். ஒரு முற்றிய புல் இலையை நுனியிலிருந்து அடிப்பக்கமாக விரலால் தடவிப் பாருங்கள், அறுக்கும். ஓரத்தில் மணலில் உள்ள அதே சிலிக்காவால் ஆன, கண்ணுக்குத் தெரியாத பற்கள் ரம்பம்போல் ஒரு பக்கம் பார்த்து நிற்கின்றன. மறுபக்கம் தடவினால் வழவழப்பு. இந்த இலையைப் பூனை கக்கும்போது சில சமயம் அது வாய்க்கு வராமல், அண்ணத்துக்குப் பின்னால் மூக்குத் துளைக்குப் போகும் வழியில் ஏறிவிடும். பற்கள் இருப்பதால் ஒரு திசையில்தான் நகரும், திரும்பி வராது. காலையில் நன்றாக இருந்த பூனை திடீரென்று விடாமல் தும்மும், வெறும் வாயை மென்று விழுங்கும், தலையை உதறும். சில நாளில் ஒரு பக்க மூக்கில் மட்டும் சளி, கெட்ட வாடை, குறட்டைச் சத்தம். இரண்டு பக்கமும் ஒழுகினால் சளிக்காய்ச்சலாக இருக்கலாம். ஒரே பக்கம் என்றால் உள்ளே எதுவோ மாட்டியிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். கால்நடை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து, அண்ணத்தை ஒரு கொக்கியால் முன்னுக்கு இழுத்து, சின்னக் கண்ணாடியில் பார்த்து இடுக்கியால் எடுத்துவிடுவார். விரல் நீளத்துக்குப் பச்சை இலை முழுசாக வரும். எடுத்தவுடன் தும்மல் நின்றுவிடும். எடுக்காமல் மாதக்கணக்கில் சளி மருந்து மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் பயனில்லை.

புல்லைவிட எனக்குப் பயம் நூல்தான். நம் வீடுகளில் மல்லிகைச் சரம் கட்டிய நூல், கோழிக்கறியில் சுற்றிய நூல், தையல் நூல், காற்றாடி மாஞ்சா, தூண்டில் நரம்பு என்று எங்கும் கிடக்கும். பூனைக்கு அசையும் நூலென்றால் எலி வால் மாதிரி. நாக்கில் ஏறியது உள்ளேதான் போகும் என்றேனே, இங்கேதான் அது உயிர்ப் பிரச்சினை ஆகிறது. நூலின் ஒரு முனை நாக்கின் அடியில் சுற்றிக்கொள்ளும், அல்லது இரைப்பை வாயில் மாட்டிக்கொள்ளும். மறுமுனை குடலுக்குள் ஓடும். குடல் அதை நகர்த்தப் பார்க்கும், நூல் நகராது. உள்பாவாடையில் நாடாவை இழுத்தால் துணி சுருங்கிக் கொசுவம் கொசுவமாகச் சேருமே, அப்படிக் குடல் நூலின்மேல் சுருண்டு சேரும். கடைசியில் இறுகிய நூல் குடற்சுவரை அறுத்துவிடும், உள்ளிருப்பது வயிற்றுக்குள் கசியும்.

ஆகவே வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைப் பார்த்தால் இழுக்காதீர்கள். ஒரு சிறு இழுப்புகூட வேண்டாம். நீளமாகத் தொங்கினால் கத்தரிக்கோலால் நுனியை மட்டும் வெட்டிவிட்டு, உடனே மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். அறுவை செய்ய வேண்டி வரலாம், சீக்கிரம் போனால் பிழைக்கும். பூக்கட்டியதும் மீந்த நூலை மூடி போட்ட குப்பைத் தொட்டியில் போடுங்கள். வாடிய சரத்தைச் சாமி படத்திலிருந்து எடுக்கும்போதும் அப்படியே.

சரி, வாந்திக்கு வருவோம். புல்லும் நுரையும், எப்போதாவது விரல் தடிமனில் நீளமான முடி உருண்டை, கக்கியதும் வழக்கம்போல் சாப்பாடு: கவலை வேண்டாம். ஒரே நாளில் மூன்று முறைக்கு மேல் கக்கினால், இரத்தம் வந்தால், ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தால் காத்திருக்கக் கூடாது. குண்டுப் பூனை பட்டினி கிடந்தால் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரலே கெட்டுவிடும். வாரம் தவறாமல் முடி உருண்டை வருகிறதென்றால் அதன் காரணத்தைத் தேட வேண்டும். தெள்ளுப்பூச்சி கடித்து அளவுக்கு மீறி நக்குகிறதா, குடலில் அழற்சியா என்று. இன்னொன்று: தரையோடு குந்தி, கழுத்தை நீட்டி 'ஹக் ஹக்' என்று இழுத்து, கடைசியில் ஒன்றுமே வெளியே வராவிட்டால் அது வாந்தி இல்லை, இருமல். பூனைக்கும் ஆஸ்துமா உண்டு. முடி மாட்டியிருக்கிறது என்று பல வீடுகளில் வருடக்கணக்காக விட்டுவிடுகிறார்கள். போனில் படம் பிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள், பார்த்தவுடன் சொல்லிவிடுவார்.

வீட்டிலேயே புல் வளர்ப்பது நல்லது. சாலையோரப் புல்லில் நாய் மூத்திரமும் களைக்கொல்லியும் இருக்கும். இளம்புல் மென்மையானது, மூக்கில் ஏறித் தொல்லை தருவது பெரும்பாலும் முற்றிய நீள இலைதான். மாவு அரைக்க வாங்கும் முழுக் கோதுமை 50 கிராம் எடுங்கள். விதைக்கடைக் கோதுமை வேண்டாம், பூஞ்சண மருந்து பூசி இளஞ்சிவப்பாக இருக்கும். கஞ்சிக்கு வாங்கும் பார்லியும் வேண்டாம், தீட்டும்போது முளை போய்விடுவதால் முளைக்கவே முளைக்காது. இரவு ஊறவைத்து, காலையில் வடித்து, ஈரத்துணியில் கட்டிவைத்தால் மறுநாள் வெள்ளை முனை எட்டிப்பார்க்கும். ஒரு சாண் அகலம், நாலு விரல் ஆழம், அடியில் ஓட்டை உள்ள தொட்டி போதும். தென்னை நார்க்கழிவு போடுவதென்றால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள், உப்பு போக வேண்டும். விதையை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நெருக்கிப் பரப்பி, மெல்லியதாக மண் தூவி, இரண்டு நாள் தட்டுப் போட்டு மூடுங்கள். முளை தலைதூக்கியதும் திறந்து வெளிச்சத்தில் வையுங்கள், உச்சி வெயில் ஆகாது.

ஏழிலிருந்து பத்து நாளில் 10 செ.மீ. வளரும், அப்போது பூனை முன் வைக்கலாம். தொட்டி கனமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் இழுத்துக் கவிழ்த்துவிடும். இரண்டு வாரத்தில் மஞ்சளாகும், எறிந்துவிடுங்கள். அதற்குள் அடுத்த தொட்டி தயாராக இருக்க வேண்டும். கெட்டுப்போவது பெரும்பாலும் பூஞ்சணத்தால். தண்ணீரைத் தலையில் ஊற்றாமல் அடித்தட்டில் விடுங்கள். வேரருகே வெள்ளைப் பஞ்சுபோல் தெரிந்தால் பயப்படாதீர்கள். தண்ணீர் தெளித்ததும் படிந்து மறைந்தால் அது வேர்த்தூவி. மறையாமல் சிலந்திவலை மாதிரி இலைவரை ஏறி, ஊசல் வாடை அடித்தால் பூஞ்சணம், மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

சோளம் மட்டும் விதைக்காதீர்கள். இளஞ்சோளத்தை மேய்ந்த மாடு நின்ற இடத்திலேயே விழுவதை நம் விவசாயிகள் அறிவார்கள். இளம் பயிரில் சயனைடு உண்டாகும். குப்பைமேனியும் அப்படியே. அதற்குப் பூனைவணங்கி என்று அழகான பெயர். வேரோடு பிடுங்கிப் போட்டால் பூனை வந்து முகத்தைத் தேய்த்து, புரண்டு, மயங்கிக் கிடக்கும். வேரின் வாசனை செய்கிற வேலை அது. அந்த வாசனைப் பொருளை வேதியியலார் பிரித்தெடுத்தும் காட்டிவிட்டார்கள். முகர்ந்து புரளட்டும். தின்னும் செடியாக மட்டும் வளர்க்க வேண்டாம், அதிலும் சயனைடு தரும் பொருள் உண்டு.

நிலையத்தார் நேரம் முடிகிறது என்று கைகாட்டுகிறார்கள், விஷச் செடிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றுக்கும் மேலே, பூங்கொத்தில் வரும் லில்லி. இதழ், இலை, மகரந்தம், பூ வைத்த ஜாடித் தண்ணீர், எது உள்ளே போனாலும் சிறுநீரகம் போய்விடும். முதல் நாள் வாந்தி, பிறகு தேறியதுபோல் தோன்றும், மூன்று நாளுக்குள் சிறுநீரகம் நின்றுவிடும். மகரந்தம் முடியில் ஒட்டினாலே நக்கிவிடும், நாக்கில் ஏறியது உள்ளேதான். பூனை இருக்கும் வீட்டில் அந்தப் பூ வேண்டவே வேண்டாம். நம் மாநில மலர் செங்காந்தளும் விஷம், கிழங்கு இன்னும் மோசம். அரளி இதயத்தைத் தாக்கும். அழகுக்கு வைக்கும் சைகஸ் செடியின் கொட்டை ஈரலைக் கெடுக்கும். மணி பிளாண்ட் வாயை எரித்து எச்சில் வடியவைக்கும், அநேகமாகப் பிழைத்துக்கொள்ளும்.

புழு மருந்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், இரண்டே வரி: குட்டிக்கு மூன்றாவது வாரத்தில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. வெளியே திரியும் பெரிய பூனைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, எடை பார்த்து, மருத்துவர் சொல்லும் அளவில். நாய்க்கு வாங்கிய மருந்தைப் பூனைக்குக் கொடுக்காதீர்கள். நாய்க்குப் பூசும் தெள்ளு மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு வலிப்பு வந்து உயிரே போகும். வாங்கும்போது டப்பாவில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

வணக்கம்.