ஆயிரத்தில் ஐந்து பங்கு

நேயர்களுக்கு வணக்கம்.

2024 ஆகஸ்ட் 4ஆம் தேதி இரவு, பாரிஸ் நகரை ஒட்டியுள்ள ஸ்டாட் டி பிரான்ஸ் மைதானத்தில் ஆண்களுக்கான ஒலிம்பிக் 100 மீட்டர் இறுதி ஓட்டம் நடந்தது. நம் கடிகாரத்தில் அப்போது நள்ளிரவு தாண்டி ஒன்றேகால் மணிக்கு மேல். கண் விழித்துப் பார்த்தவர்களுக்கு அந்த ஓட்டத்தைவிட, அது முடிந்த பிறகு காத்திருந்த நேரம்தான் நன்றாக நினைவிருக்கும். எட்டுப் பேரும் கோட்டைத் தாண்டிவிட்டார்கள். யார் ஜெயித்தார் என்று தெரியவில்லை. ஓடியவர்களுக்கே தெரியவில்லை, எல்லோரும் பெரிய திரையை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். அமெரிக்காவின் நோவா லைல்ஸ், ஜமைக்காவின் கிஷேன் தாம்சனிடம் போய், நீதான் ஜெயித்திருப்பாய் என்று சொன்னாராம். கடைசியில் திரையில் முதலில் வந்த பெயர் லைல்ஸ்.

இருவருக்கும் நேரம் 9.79 நொடி. இன்னும் ஓர் இலக்கம் உள்ளே போய்ப் பார்த்தால் லைல்ஸ் 9.784, தாம்சன் 9.789. ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஐந்து பங்கு. அந்த வேகத்தில் ஓடுபவர்களுக்கு அது ஐந்து, ஐந்தரை சென்டிமீட்டர் தூரம். மூன்று விரலைச் சேர்த்து வைத்தால் வரும் அகலம்.

மாவட்ட அளவிலான தடகளப் போட்டிகளில் முடிவுக் கோட்டருகே ஸ்டாப்வாட்சும் கையுமாக நிற்கிற வேலையைப் பல வருடங்களாகச் செய்து வருகிறவன் நான். அதனால் அந்த ஓட்டத்துக்குப் பிறகு தெரிந்தவர்கள் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். இவ்வளவு சின்ன வித்தியாசத்துக்கு ஒருவருக்குத் தங்கம், இன்னொருவருக்கு வெள்ளி என்பது நியாயமா? டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் கத்தாரின் பர்ஷிமுக்கும் இத்தாலியின் தம்பேரிக்கும் ஆளுக்கொரு தங்கம் கொடுத்தார்களே, இங்கேயும் கொடுத்திருக்கலாமே?

நியாயம்தான் என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

உயரம் தாண்டுதலில் அந்த இருவரும் ஒரே உயரத்தைத் தாண்டி, ஒரே மாதிரித் தவறி, எந்தக் கணக்கிலும் பிரிக்க முடியாமல் நின்றார்கள். ஓட்டத்தில் 9.79 என்று நாம் பார்ப்பது ஏற்கெனவே மேல்நோக்கி முழுமையாக்கிய எண். ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளந்துவிட்டு, அறிவிக்கும்போது நூறில் ஒரு பங்காக்கிச் சொல்கிறார்கள். இடத்தைத் தீர்மானிக்கும்போது உள்ளே இருக்கிற மூன்றாவது இலக்கத்தை எடுத்துப் பார்ப்பார்கள். அதிலும் பிரிக்க முடியாவிட்டால்தான் இருவரும் சமம். பாரிஸில் பிரிக்க முடிந்தது.

எப்படிப் பிரித்தார்கள் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். முடிவுக் கோட்டில் இருக்கிற கேமரா நம் வீட்டுக் கேமரா மாதிரி மைதானத்தைப் படம் பிடிப்பதில்லை. ஒரு மெல்லிய கீற்று வழியாக அந்தக் கோட்டை மட்டும் பார்க்கிறது. பாரிஸில் பயன்படுத்திய ஒமேகா கேமரா ஒரு நொடிக்கு 40,000 முறை அந்தக் கோட்டைப் படமெடுத்தது. அந்தக் கீற்றுகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் ஒரு நீளமான படம் கிடைக்கும். அந்தப் படத்தில் இடமிருந்து வலமாக இருப்பது தூரம் கிடையாது, நேரம். அதனால்தான் போட்டோ ஃபினிஷ் படத்தில் ஒருவருடைய பாதம் ஒரு முழ நீளத்துக்கு இழுபட்டுத் தெரியும், இன்னொருவருடைய கால் சுருங்கிக் கிடக்கும். கோட்டின் மேல் பாதம் எவ்வளவு நேரம் ஊன்றியிருந்ததோ அவ்வளவு நீளம்.

அந்தப் படத்தின் மேல் நடுவர் செங்குத்தாக ஒரு கோட்டை நகர்த்திக்கொண்டு போய் ஓட்டக்காரரின் மார்பில் நிறுத்துவார். மார்பு என்று நான் சொல்வது உடற்பகுதியை. தலை கணக்கில்லை, கழுத்து கணக்கில்லை. கை, கால், பாதம் எதுவும் கணக்கில்லை. ஒருவருடைய பாதம் முன்னால் கோட்டைத் தொட்டிருக்கலாம், அதற்கு மதிப்பில்லை. இந்த விதியை நான் மிகவும் மதிக்கிறேன். கையை நீட்டியோ தலையை நீட்டியோ யாரும் முந்த முடியாது, ஆள் வந்து சேர வேண்டும். லைல்ஸ் கடைசி அடியில் மார்பைச் சரியான நேரத்தில் முன்னால் சாய்த்தார். தாம்சனுக்கும் அவருக்கும் இடையில் இரண்டு லேன்கள். லைல்ஸ் ஏழாவது லேன், தாம்சன் நான்காவது. பக்கத்தில் யார் வருகிறார் என்று பார்த்துச் சாயக்கூடிய தூரம் அது கிடையாது.

எங்கள் காலத்துக் கைக்கடிகார முறையில் இந்த ஓட்டத்தை அளந்திருந்தால் அநேகமாக முதல் நான்கு பேருக்கும் ஒரே நேரம்தான் போட்டிருப்போம். கையால் நேரம் எடுக்க வருகிற புதியவர்களுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது, துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டு வாட்சை அமுக்காதே, புகையைப் பார்த்து அமுக்கு என்பதுதான். சத்தம் நூறு மீட்டர் கடந்து வருவதற்குள் ஏறத்தாழ 0.3 நொடி போய்விடும். புகையைப் பார்த்தே அமுக்கினாலும் விரல் அசைய நேரம் பிடிக்கும். அதனால்தான் கையால் எடுத்த நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிடும்போது 0.24 நொடி கூட்டிக்கொள்வது வழக்கம்.

பெரிய போட்டிகளில் இதே சத்தப் பிரச்சினை ஓட்டக்காரர்களுக்கும் உண்டு. துப்பாக்கி ஓர் ஓரத்தில் வெடித்தால் அந்த ஓரத்து லேன்காரருக்கு முன்னாலும், எட்டாவது ஆளுக்குப் பின்னாலும் கேட்கும். ஒரு லேன் 1.22 மீட்டர் அகலம். ஏழு லேன் தள்ளி நிற்பவருக்குச் சத்தம் போய்ச் சேர 0.025 நொடி ஆகும். பாரிஸில் முதலிரண்டு பேருக்கும் இருந்த வித்தியாசத்தைப் போல ஐந்து மடங்கு! அதற்காகத்தான் ஓட்டக்காரர்கள் காலை ஊன்றி உதைத்துக் கிளம்பும் ஒவ்வொரு ஸ்டார்டிங் பிளாக்குக்கும் பின்னால் ஒரு ஒலிபெருக்கி வைக்கிறார்கள். இந்த மாதிரிச் சின்னச் சின்ன நியாயங்களை ஒவ்வொன்றாகச் செய்துவைத்த பிறகுதான் மூன்றாவது இலக்கத்தை நம்பும் உரிமை நமக்கு வருகிறது.

சரி, ஓட்டத்துக்கு வருவோம்.

லைல்ஸ் கிளம்பியது தாமதம். வெடிச் சத்தத்துக்குப் பிறகு பிளாக்கை அவர் உதைக்க 0.178 நொடி ஆயிற்று. எட்டுப் பேரில் அவரைவிடத் தாமதமாகக் கிளம்பியவர் யாரும் இல்லை. தாம்சன் 0.176. வெண்கலம் வாங்கிய அமெரிக்கர் ஃப்ரெட் கெர்லிக்கு 0.108, 0.1 நொடிக்குக் குறைந்தால் ஃபால்ஸ் ஸ்டார்ட், அதாவது விதியை மீறி முந்திக் கிளம்பியது என்பது விதி, அதற்கு அவ்வளவு அருகில் போய்க் கிளம்பியிருக்கிறார். முப்பது மீட்டரில் லைல்ஸ் கடைசி ஆள். பாதித் தூரம் தாண்டிய பிறகும் தாம்சன்தான் முன்னால். பார்த்தவர்களில் பாதிப் பேர் அப்போதே தாம்சனுக்குத் தங்கத்தைக் கொடுத்திருப்பார்கள்.

கடைசி நாற்பது மீட்டரில் ஒருவர் திடீரென்று வேகமெடுத்துப் பாய்வது போலத் தெரிகிறதே, அது நம் கண் செய்கிற கோலம். உலகத்தின் மிக வேகமான மனிதர்கள்கூட அறுபது எழுபது மீட்டரில் உச்ச வேகத்தைத் தொட்டுவிடுவார்கள். அதற்கப்புறம் எல்லோருக்கும் வேகம் குறையத்தான் செய்யும். யாருக்குக் குறைவாகக் குறைகிறதோ அவர் முன்னேறுவது போலத் தெரியும். லைல்ஸ் அடிப்படையில் 200 மீட்டர்காரர். பாரிஸுக்கு முன்பே 2019, 2022, 2023 என்று மூன்று உலக சாம்பியன் போட்டிகளில் அந்தத் தூரத்தில் வென்றவர். 2022இல் யூஜீன் நகரில் 19.31 ஓடினார். அந்தக் கால்களுக்கு எழுபதாவது மீட்டர் என்பது பாதிகூட இல்லை. வேகத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் அந்தப் பழக்கம்தான் பாரிஸில் அவரைக் கரைசேர்த்தது என்று நான் நினைக்கிறேன். சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா உள்ளவர், மனச்சோர்வோடும் போராடியவர். தங்கம் ஜெயித்த பிறகு இதையெல்லாம் அவரே வெளிப்படையாக எழுதினார். 2004இல் ஏதென்ஸில் ஜஸ்டின் காட்லின் வென்ற பிறகு அமெரிக்க ஆண் ஒருவர் இந்தத் தங்கத்தை வாங்கியது அன்றைக்குத்தான்.

ஆனால் நான் இன்று முக்கியமாகப் பேச வந்தது லைல்ஸைப் பற்றி மட்டும் இல்லை. பின்னால் வந்தவர்களைப் பாருங்கள். கெர்லி 9.81. தென்னாப்பிரிக்காவின் அகானி சிம்பினே 9.82. முந்தைய ஒலிம்பிக் சாம்பியன் இத்தாலியின் மார்செல் ஜேக்கப்ஸ் 9.85. போட்ஸ்வானாவின் லெட்சிலே டெபோகோ 9.86. அமெரிக்காவின் கென்னி பெட்னரெக் 9.88. கடைசியாக வந்த ஜமைக்காவின் ஓப்லிக் செவில் 9.91. விதிக்கு உட்பட்ட காற்றில் ஓடிய ஓர் ஓட்டத்தில் எட்டுப் பேரும் பத்து நொடிக்குள் வந்தது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை. அன்று பின்னாலிருந்து வீசிய காற்று நொடிக்கு 1 மீட்டர். 2 மீட்டர் வரை அனுமதி உண்டு.

1968இல் மெக்சிகோ சிட்டியில் ஜிம் ஹைன்ஸ் 9.95 ஓடியபோது, மின்னணுக் கடிகாரத்தில் ஒரு மனிதர் பத்து நொடிக்குள் வந்தது அதுவே முதல் முறை. 1988இல் சியோலில் முதலில் வந்த பென் ஜான்சன் ஊக்கமருந்துக்காக நீக்கப்பட்ட பிறகு தங்கம் கார்ல் லூயிஸுக்குப் போனது, நேரம் 9.92. 1992இல் பார்சிலோனாவில் லின்ஃபோர்ட் கிறிஸ்டிக்குத் தங்கம், 9.96. பாரிஸில் எட்டாவதாக வந்த செவிலின் நேரம் இந்த மூன்றையும்விடக் குறைவு. டிராக் மாறிவிட்டது, ஷூ மாறிவிட்டது, பயிற்சி மாறிவிட்டது, அதெல்லாம் உண்மை. அப்படியிருந்தும் எட்டாவது இடத்தில் வந்தவரைத் தோற்றவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாலாவது இடம்தான் இன்னும் கொடுமை. சிம்பினேயின் 9.82 என்ற நேரம் 1996, 2000, 2004 மூன்று ஒலிம்பிக்குகளிலும் தங்கம் வென்ற நேரங்களைவிடச் சிறந்தது. அவர் ரியோவில் ஐந்தாவது, டோக்கியோவில் நாலாவது, பாரிஸில் மறுபடியும் நாலாவது, அதுவும் நூறில் ஒரு பங்கில். நல்லவேளையாக அதே வாரம் 4x100 தொடர் ஓட்டத்தில் கடைசி ஓட்டக்காரராக ஓடி, தென்னாப்பிரிக்காவுக்கு வெள்ளி வாங்கிக் கொடுத்தார். அந்த நாலாவது இடத்தின் வலி என்னவென்று நம் நாட்டுக்குத் தெரியும். 1960 ரோம் ஒலிம்பிக் 400 மீட்டரில் மில்கா சிங் நூலிழையில் வெண்கலத்தைத் தவறவிட்டார். மூன்றாவதாக வந்த மால்கம் ஸ்பென்ஸ் 45.5, மில்கா 45.6. அதே ஓட்டத்தில் ஓடிஸ் டேவிஸுக்கும் கார்ல் காஃப்மனுக்கும் ஒரே நேரம், 44.9. படத்தைப் பார்த்துத்தான் டேவிஸுக்குத் தங்கம் கொடுத்தார்கள்.

அதற்கும் முன்னால், 1932இல் லாஸ் ஏஞ்சல்ஸில் 100 மீட்டர் இறுதியில் எடி டோலனும் ரால்ஃப் மெட்காஃபும் 10.3 நொடியில் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். டோலன் கண்ணாடி போட்டவர், ஓடும்போது விழாமல் இருக்க அதைத் தலையோடு சேர்த்து ஒட்டிக்கொண்டு ஓடுவார். நடுவர்கள் படச்சுருளைப் போட்டுப் பார்த்து டோலன் என்றார்கள். மெட்காஃப் தன் வாழ்நாளில் அதை ஒத்துக்கொள்ளவே இல்லை, இருவரும் சமம் என்றே சொல்லிவந்தார். அன்றைய படத்தில் அவ்வளவு தெளிவு இல்லை. தாம்சனுக்கு அந்தச் சந்தேகம் மிஞ்சவில்லை என்பதில் எனக்கு ஓர் ஆறுதல் உண்டு.

பாரிஸ் கதை அந்த இரவோடு முடியவில்லை. நாலு நாள் கழித்து 200 மீட்டரில், கோவிட் தொற்றோடு ஓடிய லைல்ஸுக்கு வெண்கலம்தான் கிடைத்தது. ஓடி முடித்ததும் மூச்சுவாங்கித் தரையில் விழுந்தவரைச் சக்கர நாற்காலியில் கொண்டுபோனார்கள். 100 மீட்டரில் ஆறாவதாக வந்த டெபோகோ அன்று 19.46 ஓடி வென்றார். போட்ஸ்வானா நாட்டுக்கே முதல் ஒலிம்பிக் தங்கம் அது. அவருடைய தாயார் சில மாதங்களுக்கு முன்புதான் இறந்திருந்தார்.

அப்புறம் செவில். இவர் கதையை நான் கொஞ்சம் கூர்ந்து பின்தொடர்ந்திருக்கிறேன். 2022 உலக சாம்பியன் போட்டியில் நாலாவது. 2023 புடாபெஸ்டில் மறுபடியும் நாலாவது. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது மூவருக்கும் 9.88, ஆயிரத்தில் பிரித்தபோது இவருக்குப் பதக்கம் போய்விட்டது. பாரிஸ் அரையிறுதியில் லைல்ஸையே முந்தினார், இறுதியில் எட்டாவது. உசைன் போல்ட்டை உருவாக்கிய கிளென் மில்ஸ்தான் இவருக்கும் பயிற்சியாளர். 2025 செப்டம்பர் 14ஆம் தேதி டோக்கியோ உலக சாம்பியன் போட்டியின் இறுதியில் டெபோகோ ஃபால்ஸ் ஸ்டார்ட் ஆகி வெளியேறினார். மற்றவர்கள் மறுபடி பிளாக்கில் போய் உட்கார்ந்தார்கள். போல்ட் மைதானத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். செவில் 9.77 ஓடித் தங்கம் வென்றார். தாம்சன் 9.82, இந்த முறையும் வெள்ளி. லைல்ஸ் 9.89, வெண்கலம். 2015இல் போல்ட் வென்ற பிறகு ஜமைக்கா ஆண்களுக்கு இந்த உலகப் பட்டம் கிடைத்தது அன்றுதான். ஆயிரத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியம் நடுவர்களுக்கு வரவில்லை.

அடுத்த ஒலிம்பிக் 2028இல் லாஸ் ஏஞ்சல்ஸில். தடகளப் போட்டிகள் கொலீசியம் மைதானத்தில் நடக்கப் போகின்றன. டோலனும் மெட்காஃபும் ஓடிய அதே மைதானம். அந்த இறுதி ஓட்டத்தைப் பார்க்க உட்காரும்போது, முப்பது மீட்டரில் கடைசியில் வருபவர் யார் என்று ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.