மொய் நோட்டும் ரேகை நோட்டும்

அவைத்தலைவர் ஐயாவுக்கும், மழை வரும்போல இருந்தும் வந்து உட்கார்ந்திருக்கிற உங்களுக்கும் வணக்கம்.

'சமூகக் கட்டுப்பாடு' என்று தலைப்புக் கொடுத்துவிட்டார்கள். போலீஸ், கோர்ட் என்று ஆரம்பிப்பேன் என்று நினைத்திருப்பீர்கள். நான் ஒரு மொய் நோட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

கல்யாண மண்டபத்தில் பந்திக்குப் போகிற வழியில் ஒரு மேசை கிடக்கும். ஒருவர் எழுத, ஒருவர் பணம் எண்ண, மூன்றாவது ஆள் கையில் மைக். முதல் வரியில் பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே குலசாமி பேரில் 101 ரூபாய். அதன் பிறகுதான் மனிதர்கள். ஊர், அப்பா பெயரின் எழுத்து, பெயர், தொகை. 500 வைக்க வந்தவரும் சட்டைப் பையைத் துழாவி ஒரு ரூபாய் நாணயம் எடுப்பார். பூஜ்யத்தில் முடியக் கூடாதாம்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு பக்கமும், தஞ்சை மாவட்டத்தில் பேராவூரணி பக்கமும் கல்யாணம் காதுகுத்து எதுவும் இல்லாமலேயே இதை நடத்துவார்கள். பெயர் மொய் விருந்து. ஆடி, ஆவணியில் பலர் சேர்ந்து ஒரே பந்தல் போட்டு, கறிச்சோறு ஆக்கி, ஆளுக்கொரு மேசையில் உட்கார்ந்து வாங்குவார்கள். இப்போது கணினி ரசீது, நோட்டு எண்ணும் இயந்திரம் எல்லாம் வந்துவிட்டது. ஒரே விருந்தில் கோடியைத் தாண்டிய செய்தியையும் பேப்பரில் படித்திருப்பீர்கள். அந்தப் பணத்தில் போர் போட்டவர் உண்டு, பிள்ளையைப் படிக்க வைத்தவர் உண்டு.

பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது, ஜாமீன் கையெழுத்தும் கிடையாது. இருந்தாலும் பணம் திரும்பி வருகிறது. வங்கிக்காரர் யாராவது இங்கே இருந்தால் பெருமூச்சு விடலாம்!

எப்படி வருகிறது? நான் உங்களுக்கு ஆயிரம் செய்திருந்தால், என் விருந்தில் நீங்கள் இரண்டாயிரம் செய்வீர்கள். பழசு ஆயிரம், புதுசு ஆயிரம். இப்போது நான் உங்களுக்குக் கடன்காரன். வாங்கிய ஆயிரத்தை மட்டும் அப்படியே திருப்பி வைத்துப் பாருங்கள். பணத்தில் குறை இல்லை. ஆனால் சாயங்காலம் டீக்கடையில், "கணக்கை முடிச்சுட்டானாமே" என்பார்கள். உறவு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததற்குச் சமம் அது. 2018 நவம்பரில் கஜா புயல் அந்தப் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்துப் போட்டது. அடுத்த ஆடியில் வசூல் குறைந்தது. ஆனால் தோப்பே போனவர் வீட்டுக்கும் பத்திரிகை வரத்தான் செய்தது. நகையை அடகு வைத்தாவது மொய்யைத் திருப்பிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்த வேலையைச் செய்வது நோட்டு பாதி, மைக் பாதி. சங்கப் பாட்டுகளில் 'அம்பல்', 'அலர்' என்று இரண்டு சொல் வரும். காதலைப் பற்றி ஊர் வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல். அதுவே மொட்டவிழ்ந்து ஊரெல்லாம் பேச்சானால் அலர். தலைவி பயந்தது அந்தப் பேச்சுக்குத்தான். மைக் செட் வாடகைக்கு எடுத்து நாம் நடத்துவதும் அலர்தான், என்ன, இதில் தொகையும் சேர்ந்து வருகிறது.

சரி, இன்னொரு நோட்டு.

பிறப்பாலேயே சில சாதிகளைக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டத்தை வெள்ளைக்கார அரசு 1871இல் கொண்டுவந்தது. 1911இல் அது திருத்தப்பட்ட பிறகு சென்னை மாகாணத்திலும் அமலானது. ஆண்களின் பெயரை எழுதி, கைரேகை எடுத்து, ராத்திரியில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ வந்து படுக்கச் சொன்னார்கள். வெளியூர் போக ராதாரிச் சீட்டு என்கிற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். கட்டி ஒரு வாரம் ஆகாத மாப்பிள்ளையாக இருந்தாலும் இருட்டினால் சாவடிதான். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி, உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று மக்கள் மறுத்தார்கள். போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் செத்தார்கள். 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது.

துப்பாக்கியோடு வந்தும் ஒரு நோட்டில் மனசார விரல் பதிக்கச் செய்ய முடியவில்லை. அதே மதுரைச் சீமையில் இன்னொரு நோட்டில் பெயர் எழுத மேசை முன்னால் முண்டியடிக்கிறோம். இதைப் பல நாள் யோசித்திருக்கிறேன். ரேகை நோட்டு அரசிடம் மட்டும் இருந்தது. மொய் நோட்டு உங்கள் வீட்டிலும் இருக்கிறது, என் வீட்டிலும் இருக்கிறது. என்னைக் கண்காணிக்கிற உங்களை நானும் கண்காணிக்கிறேன். அதனால் அது கண்காணிப்பாகவே தெரிவதில்லை, மரியாதையாகத் தெரிகிறது.

உடனே, 'ஊர்க் கட்டுப்பாடு எவ்வளவு உயர்வு பாருங்கள்' என்று என் பேச்சைக் கொண்டுபோய்விடாதீர்கள். தண்டம் கட்டாதவன் வீட்டுக்குத் தண்ணீர், நெருப்பு கொடுக்காதே, துணி வெளுக்காதே, சாவுக்குப் போகாதே என்று ஒதுக்கி வைப்பதும் இதே ஊர்தான். மகாராஷ்டிரத்தில் ஊர் விலக்கைத் தடுக்க 2016இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. மகளைக் கொன்றுவிட்டு, "ஊர்ல தலைகாட்ட முடியல" என்கிற தகப்பனும் நோட்டைத்தான் புரட்டிப் பார்த்திருக்கிறான். வயது வந்த இருவர் விரும்பிச் செய்யும் கல்யாணத்தில் எந்தப் பஞ்சாயத்தும் தலையிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. தீர்ப்பு டெல்லியில் இருக்கிறது. டீக்கடை தெருமுனையில் இருக்கிறது.

நான் மட்டும் இதற்கு வெளியே நிற்கிற ஆளா? அப்பா இறந்த பிறகு அம்மா தகரப் பெட்டியிலிருந்து எங்கள் நோட்டை எடுத்துக் கொடுத்தார். என் காதுகுத்துக் கணக்கு அது. ஓரமெல்லாம் செல்லரித்திருந்தது. அதில் ஒருவர் 51 ரூபாய் செய்திருந்தார். அவர் பேத்திக்குக் கல்யாணம் என்று பத்திரிகை வந்திருந்தது. முகம்கூட எனக்குத் தெரியாது. "51 ரூபாய்க்கு இவ்வளவு தூரம் பஸ்ஸில் போகணுமாம்மா?" என்றேன். அம்மா பதில் சொல்லாமல் என் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட எடுத்துப் போனார்.

போனேன். 1001 கொடுத்தேன். எழுதுகிறவர் ஊரைக் கேட்டார், யார் மகன் என்று கேட்டார். என் பெயரைக் கேட்கவே இல்லை. பந்தியில் இலை போட்டு உட்காரும்போது மைக்கில் அறிவிப்பு வந்தது. ஊர் பெயர், அப்பா பெயர், ஆயிரத்து ஒன்று. அப்பா இறந்து அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது.